எதிரே வராத ரயில்

என் ஆசை அண்ணனுக்கு,

நீ போய்ச் சேர்ந்த பிறகும் வீட்டில் உன்மேல் விசாரணை நடக்கிறது, தெரியுமா? அண்ணி உன் படத்தை இன்னும் மாட்டவில்லை. அலுமாரிக்குள் கவிழ்த்து வைத்திருக்கிறார். அடுத்த மாதம் உன் முதல் திவசம். "அழுதுட்டுப் போனாளே, அவளே செய்யட்டும்" என்கிறார்.

உன் சாவு வீட்டுக்கு வந்து, யாரிடமும் பெயர் சொல்லாமல் விம்மி அழுதுவிட்டு, ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனாளே ஒருத்தி, அவளைத்தான்.

நீ சாமான் ரயிலில் கார்டு. நம் பக்கம் ஒற்றைத் தண்டவாளம். எதிரே ஆட்களை ஏற்றிய ரயில் வந்தால், உன் மாவு மூட்டைகளும் எண்ணெய் டாங்கிகளும் பக்கத்து லைனில் ஒதுங்கி, அது கடந்து போகும்வரை காத்துக் கிடக்கும். வீட்டுக்குப் பிந்தி வந்தால் "கிராசிங்" என்பாய். அந்த ஒரே சொல்லில் எங்கள் வாயை அடைத்துவிடுவாய்.

ஆனால் கடைசி மாதங்களில் மண்சரிவால் கம்பளைக்கு மேலே ரயில் பாதை மூடிக்கிடந்தது. உன் ரயில் மட்டும்தான் கம்பளைக்குப் போய்த் திரும்பியது. அப்போதும் "கிராசிங்" என்றாயே! வராத ரயிலுக்கு யாராவது ஒதுங்கி நிற்பார்களா? அண்ணி ரயில்காரன் பெண்டாட்டி. கப்பென்று பிடித்துவிட்டார். அந்தச் சந்தேகம் என்னையும் தொற்றிக்கொண்டது.

போன கிழமை நானே கிளம்பிப் போனேன். நீ வழக்கமாக ஒதுங்கும் அந்தச் சின்ன ஸ்டேசனில், பக்கத்து லைன் ஓரமாக ஒரு டீக்கடை. உள்ளே, அன்று அழுதுவிட்டுப் போன அவளேதான்!

"கார்டு ஐயா தங்கச்சியா? அதே மூக்கு. உக்காரும்மா" என்றாள். எனக்கு அவள் சிரிப்பே பிடிக்கவில்லை. கடைக்குள் உன் செருப்பு கிடக்கிறதா என்று கண்ணால் துழாவினேன்.

"எதிர்ல வண்டியே இல்லாதப்ப இங்க ஏன் நின்னாரு?" என்று கேட்டேன்.

"நெஞ்சு வலிம்மா. எதிர்ல வண்டி இல்லாததாலதான் நிப்பாட்டவே முடிஞ்சிச்சி. டிரைவர் ரயிலை ஓரத்து லைன்ல போட்டுட்டு, ஐயாவ இந்த பெஞ்சில படுக்க வைப்பாரு. நான் வெந்நி குடுப்பேன். வீட்டுல சொல்லிறாதன்னு ஐயாதான் சத்தியம் வாங்கிட்டாரு. சொல்லியிருக்கணும்மா, நான் பாவி."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. நல்ல செய்தி கொண்டுவருகிறவளாக ஓடிவந்து அண்ணியிடம் சொன்னேன்.

அண்ணி அலுமாரிப் பக்கம் திரும்பினார். பிறகு, "அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல" என்றார். "வேற எதுவா இருந்தாலும் மன்னிச்சிருப்பேன்டி."

அண்ணே, ஏன் அப்படிச் செய்தாய்?

திவசம் நடக்கும். அது என் பொறுப்பு. அந்த டீக்கடை அக்காவையும் கையோடு கூட்டி வருவேன். எந்தப் பக்கம் வலித்தது, வலிக்கும்போது என்ன சொன்னாய் என்று அண்ணி ஒவ்வொன்றாகக் கேட்கட்டும். நீ கொடுக்காமல் போனதை அவளாவது கொடுக்கட்டும்.

இனி யார் "கிராசிங்" என்றாலும் நம்பாத,
உன் தங்கச்சி