யார் பங்கிலும் வராத நூற்று முப்பத்தெட்டு மீட்டர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் உடம்புக்குப் பெரிய குறை இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் நினைப்பு. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி படி ஏறும்போது மட்டும் வருகிறது, வீட்டில் யாராவது சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் இன்னும் கூடுகிறது, அந்த யாராவது யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அத்தை ஏன் எடுப்பதே இல்லை என்று கேட்டாய், நான் சிக்னல் சரியில்லை என்று மழுப்பினேன். சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது. போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு நிதானமாக உட்கார்ந்து படி.

பத்து வருடமாகக் கடல் நம் கரையைத் தின்றுகொண்டு வருவது உனக்குத் தெரியும். இந்த வருடம்தான் ஒரு வழியாக மணல் போட அரசாங்கம் ஒப்புக்கொண்டது. கடலுக்குள் கப்பலை நிறுத்தி மணலை இறைத்து, பெரிய குழாய் வழியாகக் கரையில் கொட்டுவார்கள். செலவில் பாதி அரசாங்கம், மீதியை நம் நகரசபையும் பக்கத்து ஊர் நகரசபையும் அவரவர் கரையின் நீளத்துக்குத் தகுந்தபடி பிரித்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. ஆனால் ஆறு வருடத்துக்கு முன் பஸ் நிறுத்தம் யார் பக்கம் வருவது என்று சண்டை போட்ட நாளிலிருந்து இரண்டு சபைக்கும் ஆகாது, ஒருவர் கூப்பிட்டு இன்னொருவர் போனால் மானம் போய்விடும். அதனால் ஆளுக்கு ஒரு சர்வேயர், ஆளுக்கு ஒரு டேப், ஆளுக்கு ஒரு நாள் என்று அளந்தோம். நம் பக்கம் நான், அந்தப் பக்கம் நெட்டையர். என்னோடு படித்தவர்தான், இருந்தும் இந்த ஆறு வருடத்தில் வழியில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிக்கொள்வோம்.

இரண்டு ஊருக்கும் எல்லை அந்த ஓடை. மூன்று வருடத்துக்கு முன் வந்த புயலில் ஓடையின் பழைய முகத்துவாரம் மூடிக்கொண்டு, அவர்கள் பக்கமாகத் தள்ளிப் புதிதாக ஒன்று உடைந்தது. எல்லை வரைபடத்தில் இருப்பது பழையது, கண்ணில் தெரிவது புதியது. இரண்டுக்கும் நடுவில் பதினொரு வீடு, அதில் ஒன்று உன் அத்தை வீடு. அந்த வீட்டு வரியை வாங்க மூன்று வருடமாக ஆள் இல்லை, அவர்கள் இங்கே போ என்பார்கள், நாங்கள் அங்கே போ என்போம், அத்தையும் ஊருக்குள் தனக்கு மட்டும்தான் சுதந்திரம் கிடைத்திருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பாள். நான் வரைபடத்தை நம்பிப் பழைய முகத்துவாரம் வரை அளந்தேன், நம் பங்கு குறைந்தது, நகரசபைத் தலைவர் தோளைத் தட்டினார், எனக்கும் உச்சி குளிர்ந்தது. நெட்டையர் கண்ணில் தெரிந்ததை நம்பிப் புதிய முகத்துவாரத்தோடு நிறுத்திக்கொண்டார், அவர் தலைவரும் தட்டியிருப்பார்.

இதுவரை யாரும் குற்றம் சொல்ல முடியாது. என் தப்பு அதற்கு அப்புறம்தான். அளவைப் பதிந்து அனுப்பும் படிவத்தின் அடியில் ஒரு வரி இருக்கும், இரண்டு ஊர் சர்வேயர்களும் எல்லையில் சேர்ந்து நின்று பார்த்து உறுதி செய்தோம் என்று. அதில் நான் என் மேஜையில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டேன், நெட்டையர் அவர் மேஜையில். ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். முதலில் யார் போடுவது என்ற வீம்பு. முப்பத்துநான்கு வருட வேலையில் பார்க்காமல் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான், அது போய் என் கூடப் பிறந்தவள் வாசலில் விழுந்தது.

கப்பல் வந்தது, நம் பக்கம் எல்லாம் மணல் கொட்டி முடித்தார்கள். வேடிக்கை பார்க்கப் போனவன் நான். பழைய முகத்துவாரத்தில் குழாயைக் கழற்றினார்கள், பதினொரு வீட்டையும் தாண்டி உருட்டிக்கொண்டு போய்ப் புதிய முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் மாட்டினார்கள். மேஸ்திரியிடம் நடுவில் ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன், காகிதத்தில் இல்லை சார் என்றார். இரண்டு பக்கமும் மணல் முட்டிக்கொண்டு நிற்க, அலை முழுக்க அந்த நடு இடத்தில் வந்து மோதுகிறது. தலைவரிடம் சொன்னேன், நாமாகப் போய்க் கேட்டால் முழுச் செலவும் நம் தலையில் விழும், அவர்கள் வாய் திறக்கட்டும், அதுவரை நீரும் திறக்காதீர் என்றார். நானும் திறக்கவில்லை. மூன்று வாரம். இரண்டு நாளைக்கு ஒருமுறை அத்தை வீட்டுக்குப் போய் டீ குடித்தேன். பின்பக்க அறைக்கு அவள் புதிதாகப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தாள், நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள், நன்றாக இருக்கிறது என்றேன்.

அப்புறம் அரசாங்கத்து என்ஜினியர் அம்மா வந்து, அந்தப் பதினொரு வீட்டுக்காரர்களும் கொஞ்ச நாளைக்குக் காலிக் கட்டடம் ஒன்றில் தங்கச் சம்மதம் என்று கையெழுத்துக் கேட்டார். பத்து வீடு போட்டது, உன் அத்தை மட்டும் மாட்டேன் என்றாளாம். என்ஜினியர் அம்மா ஆபீசுக்கு வந்தபோது என்னிடமே சொன்னார், உங்கள் தங்கை பிடிவாதக்காரி, 'எங்க அண்ணன் அளந்த இடம், இங்க கடல் வராது'ன்னு சொல்லிட்டாங்க என்று. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றைக்கே அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், ஓடை, கையெழுத்து, குழாய், தலைவர், ஒன்று விடவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் மிஷினை நிறுத்திவிட்டு, "எத்தனை நாளா அண்ணா உனக்குத் தெரியும்?" என்று கேட்டாள். மூன்று வாரம் என்றேன். சரி என்று சொல்லித் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

மறுநாள் காலையில் தலைவரைக் கேட்காமலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன், எல்லையில் போய் நிற்காமல் கையெழுத்துப் போட்டேன், தப்பு என்னுடையது என்று. அப்படி ஒரு தப்பு பதிவானால்தான் விதிப்படி மறுபடி அளக்க முடியும், இல்லாவிட்டால் எந்த ஊர் இறங்கி வருவது என்று இன்னும் நாலு வருடம் ஓடும். ஐந்தாம் நாள் அத்தையின் பின்சுவர் விழுந்தது, பூச்சு காய்ந்திருக்குமோ என்னவோ. யாருக்கும் அடி படவில்லை. நானும் பக்கத்து வீட்டு டிரைவரும் மிஷினைத் தூக்கி வந்தோம், அத்தை இப்போது உன் அறையில் இருக்கிறாள். அவள் வீட்டு முன் அறை இன்னும் நிற்கிறது, நான் தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். போன வாரம் நெட்டையரும் நானும் ஒரே டேப்பின் இரண்டு நுனியைப் பிடித்து அளந்தோம், நூற்று முப்பத்தெட்டு மீட்டர் வந்தது, பாதிப் பாதி என்று இரண்டு சபையும் ஒப்புக்கொண்டன. இதற்கு முழுதாகப் பத்து நிமிடம் ஆகவில்லை. ஆனால் கப்பல் போய்விட்டது, கடல் அடங்கித் திரும்பி வர நாலு மாதம் ஆகுமாம். அதுவரை அந்த முன் அறை நிற்குமா என்று கேட்டால் என்ஜினியர் அம்மா மிச்சச் சாமானையும் எடுத்துவிடுங்கள் என்கிறார்.

என்மேல் விசாரணை இருக்கிறது, ஓய்வுக்கு இன்னும் பதினொரு மாதம், ஓய்வூதியத்தில் என்ன பிடிப்பார்களோ தெரியாது. டேப்பை வாங்கி வைத்துக்கொண்டு பிறப்பு இறப்புச் சான்றிதழ் ஜன்னலில் உட்கார வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் ஒன்று சிரித்துக்கொண்டு வருகிறார்கள் அல்லது அழுதுகொண்டு வருகிறார்கள், என் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, அது ஒரு வசதி. நீ இதற்காகப் பணம் அனுப்பாதே, டிக்கெட் போட்டுக்கொண்டு ஓடியும் வராதே. எனக்கு அலுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். அத்தை இங்கே மற்ற எல்லோரிடமும் பேசுகிறாள், எனக்குச் சாப்பாடு எடுத்து வைக்கிறாள், நான் உள்ளே வந்தால் பேச்சு மட்டும் நின்றுவிடுகிறது. உன் போனை எடுக்காததும் உன்மேல் கோபத்தால் இல்லை, அண்ணனைப் பற்றி அண்ணன் மகளிடமே சொல்லும்படி ஆகிவிடுமே என்றுதான் எடுக்கவில்லை என்று உன் அம்மா சொல்கிறாள்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், குழந்தைக்கு என் முத்தம். பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்காதே. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் ஒளிக்க ஒன்றும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். மறக்காமல் ஒன்று செய். அப்பா எல்லாவற்றையும் எழுதிவிட்டார் என்று அத்தைக்கு முதலில் ஒரு செய்தி அனுப்பு, அப்புறம் கூப்பிடு, எடுப்பாள். சாயங்காலமாகப் பார்த்துக் கூப்பிடு, அப்போது நான் வீட்டில் இருப்பேன். உன் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் இருப்பது பலகைத் தடுப்புதான், அவள் உன்னிடம் பேசுவது எனக்கும் கேட்கும்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
அப்பா