நிலைப்படியை அறுங்கள்

திண்டிவனம்,
ஆனி 20, திருவள்ளுவர் ஆண்டு 2056

விழுப்புரத்து வீட்டின் பெருமக்களே! வெள்ளிதோறும் நிலைப்படிக்கு மஞ்சள் பூசும் என் கணவரின் தமக்கை, அண்ணி பாஞ்சாலி அவர்களே! என்னைத் தூக்கித் தூக்கித் தோள் வலித்தும் வாய் திறவாத என் கணவர் தேவநாதன் அவர்களே!

இக்கடிதத்தைக் கூடத்தில் நின்று உரக்கப் படியுங்கள். கைபேசியில் நான் தொடங்கினால் “சாப்பிட்டியா?” என்று கேட்டு முடித்துவிடுகிறீர்கள். ஆகவே எழுதுகிறேன். என் குறை ஒன்றே: என் வீட்டின் முன்வாசல் எனக்கு அடைபட்டிருக்கிறது.

அனந்தபுரத்துக் கூட்டம் முடிந்து திரும்புகையில் வண்டி கவிழ்ந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. அதை ஏற்றுக்கொண்டேன். ஏற்க முடியாதது அதற்குப் பின் நடந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய நாள் முதல், நீங்களும் நம் எண்ணெய்ச் செக்காலையில் வேலை செய்யும் இராசுகுமாரும் திருவிழாவில் கடவுட்சிலையைத் தூக்குவது போல சக்கர நாற்காலியோடு என்னைத் தூக்கி நிலைப்படிக்கு அப்பால் இறக்கினீர்கள். தெருவே நின்று பார்த்தது. எதிர்வீட்டு முதியவர் ஒருநாள் கும்பிடவே செய்தார்!

சாய்தளம் கேட்டேன். கட்டினீர்கள். எங்கே கட்டினீர்கள்? கொல்லைப்புறத்தில்! குப்பைக் கூடை போகும் வழியில்! அதுவும் முகம் பார்க்கும்படியான பளபளப்பான கல் பதித்து! எவரையும் பின்வாசல் வழியாக வா என்று சொல்லும் வீடு வீடே அன்று என ஊர் ஊராக மேடையேறி முழங்கியவள் நான். முன்வரிசையில் அமர்ந்து கைதட்டியவர் நீங்கள். அந்தச் சாய்தளத்தைப் பெருமையோடு எனக்குக் காட்டினீர்களே, அன்று மாலையே தோழி செசிந்தாவின் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏன் வந்தேன் என்று நீங்கள் இன்றுவரை கேட்கவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். குளியலறைக் கதவை நாற்காலியின் அளவுக்கு அகலப்படுத்தினீர்கள். நாற்காலியை அளந்தீர்கள், அதை உருட்டும் என் கைகளை அளந்தீர்களா? நுழையும்போதெல்லாம் விரல் முட்டிகள் உராய்ந்து தோல் உரிகிறது. அளக்க வேண்டியது ஆள் அமர்ந்திருக்கும் நாற்காலியை. கடையில் நிற்கும் நாற்காலியை அன்று.

நிலைப்படி அறுபட வேண்டும். முன்வாசலில் சாய்தளம் வேண்டும். அதன் பிறகே நான் வருவேன்.

வேணி

•

விழுப்புரம்,
9-7-2025

அன்புள்ள வேணிக்கு,

தேவநாதன் எழுதிக்கொள்வது. நீ சொன்ன மாதிரியே கூடத்தில் நின்னு படிச்சேன். அக்கா முழுசாக் கேட்டுட்டு, “மேடையில பேசற மாதிரியே எழுதிக்கிறா, மைக்குதான் இல்ல” அப்படின்னுச்சு. ஜெசிந்தாவைச் செசிந்தான்னு எழுதறதை நீ இன்னும் விடலையே, அந்தப் பொண்ணு உன்னை ஒண்ணும் கேக்கறதில்லையா?

கொல்லைப்பக்கம் ஏன் கட்டினேன்னா, அங்கே நிலைப்படிக் கட்டை இல்ல, சாய்வு நேரா உள்ளே போயிடும். குப்பைக் கூடைய நான் நெனைக்கவே இல்லம்மா. நல்ல கல்லாப் போடணும்னு நாலு கடை அலைஞ்சேன். வழுக்குதுன்னா பாய் போட்டுடறேன்.

நிலை விஷயம்தான் பேஜாரு. திருவெண்ணெய்நல்லூர் நிலத்துல இருந்த வேங்கை மரத்தை அறுத்து அப்பா வெச்ச நிலை அது. “நிலையில ரம்பம் வெச்சா குடும்பம் நிக்காது, நான் இருக்கறவரைக்கும் நடக்காது”ன்னு அக்கா சாப்பிடாம உக்காந்துகினு இருக்கு. நான் யார் பக்கம் பேசறது?

இதுக்கு ஏன் இவ்ளோ கோவம்? நான் இருக்கேன், ராஜ்குமார் இருக்கான். தூக்கிக்கலாம். என் பொண்டாட்டியைத் தூக்க எனக்கு இன்னா கூச்சம்? ஜல்தி வா. நீ இல்லாம வீடு வீடா இல்ல.

உன்
தேவநாதன்

•

திண்டிவனம்,
ஆனி 28

தூக்கிக்கலாம் என்று எழுதிய கைக்கு உரியவரே!

அந்த ஒரு சொல்லை மீண்டும் மீண்டும் படித்தேன். செக்கில் ஆட்டும் மல்லாட்டை மூட்டையைத் தூக்கலாம். எண்ணெய்த் தகரத்தைத் தூக்கலாம். மழை பெய்தால் வாசலில் போய்ப் பார்க்க எனக்கு இரண்டு ஆண்கள் வேண்டுமா? நீங்கள் ஆலைக்குப் போய்விட்டால் மாலை வரை நான் யார்? இறக்கி வைத்த சரக்கா?

இங்கே செசிந்தா என்ன செய்தாள் தெரியுமா? வாடகை வீடு. சுவரை இடிக்க உரிமையில்லை. குளியலறைக் கதவையே கழற்றிவிட்டாள். “கதவு இன்னாத்துக்குக்கா? திரை போதும். உன் குரல் கேட்டா எவன் உள்ள வருவான்?” என்றாள். கட்டிலின் கால்களை நாற்காலியின் உயரத்துக்கு அறுத்துவிட்டாள். இப்போது சக்கரத்துக்குப் பூட்டைப் போட்டுவிட்டு நானே பக்கவாட்டில் நகர்ந்து ஏறுகிறேன். தரைவிரிப்பை எல்லாம் சுருட்டி மேலே அட்டத்தில் போட்டாள். கீழே பலகையில்லாத மேசையில் அடுப்பை வைத்தாள். முழங்கால் உள்ளே போகிறது, கை எட்டுகிறது. குடமும் குவளையும் என் மடி உயரத்தில் இருக்கின்றன. ஓயாமல் உட்கார்ந்தே இருந்தால் புண் வரும் என்று மருத்துவர் சொன்னதை நீங்களும்தான் கேட்டீர்கள். “மேடம், எழும்புங்க” என்று பள்ளிப் பிள்ளையை மிரட்டுவது போல மிரட்டி, கைகளை ஊன்றி என்னை அடிக்கடி உயரச் செய்பவள் அவள்தான். சக்கரத்தில் காற்றையும் அவளே பார்க்கிறாள்.

இங்கே நான் விருந்தாளி. என் தேநீரை நானே போடுகிறேன். அங்கே நான் வீட்டுக்காரி. தண்ணீருக்கும் குரல் கொடுத்துக் காத்திருந்தேன். இந்தக் கொடுமை உங்களுக்கு உறைக்கவில்லையா?

பாய் போடாதீர்கள். சக்கரம் அதைச் சுருட்டிக்கொண்டு என்னைக் கவிழ்க்கும். வழுக்கும் கல்லைப் பெயர்த்தெறிந்து, சிமிட்டி ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்கே கோடிழுக்கச் சொல்லுங்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். அதற்குக் குறைந்தால் அது சாய்தளம் அன்று, சறுக்குமரம். இரு ஓரமும் சிறிது மேடாக இருக்கட்டும். கதவுக்கு முன் நாற்காலி நின்று திரும்பச் சமதளம் விடுங்கள். இவையனைத்தும் முன்வாசலில்!

வேணி

•

விழுப்புரம்,
20-7-2025

அன்புள்ள வேணிக்கு,

உன்னைத் தோக்கடிக்கலாம்னுதான் இதைச் செஞ்சேன். ஆஸ்பத்திரியில குடுத்த பழைய வீல்சேர் பரண்ல கெடந்துதில்ல, அதை எறக்கி நானே உக்காந்தேன். காலை அசைக்கக் கூடாதுன்னு முடிவு.

கொல்லையில ஏற முடியல. பாதியில பின்னாடி சறுக்கி, துவைக்கற கல்லுல போய் முட்டினேன். முன்பக்கம் வந்து நிலைப்படியில மோதினேன், முன்சக்கரம் நின்னுடுச்சு, நான் சாஞ்சுட்டேன். அக்கா வயித்தைப் புடிச்சிகினு சிரிக்குது. “டேய் தேவா, மல்லாட்டை மூட்டை சாஞ்ச மாதிரியே இருக்குடா!”

வீம்புக்கு ராஜ்குமாரை விட்டு உள்ளே தூக்கிவைக்கச் சொல்லி, மத்தியானம் பூரா கூடத்துலயே இருந்தேன். ஃபேன் சுவிட்ச் எட்டல. தண்ணி கேட்டேன், அக்கா கொல்லையில, காதுல விழல. மறுபடி கூப்பிட்டேன். எழுந்து போயிருக்கலாம். போகல. உக்காந்துகினே இருந்தேன். அப்படி ஒரு கோவம் வந்துது வேணி, யார் மேலன்னு தெரியல. இதைத்தான் நீ தெனம் பட்டியா?

அக்காகிட்டச் சொன்னேன். எழுந்து போய் நிலையைத் தடவிப் பாத்துது. அப்பறம், “அறுத்துக்கோ. ஆனா ஆடியில நிலையைத் தொடக்கூடாது. ஆவணி பொறக்கட்டும், நல்ல நாள் பாத்து செய்யலாம்” அப்படின்னுச்சு. அக்கா எறங்கி வந்ததே பெரிசு. தச்சர் கோதண்டபாணியும் வர்றேன்னுட்டாரு. நீ இப்பவே வந்துடு. ஆவணி வரைக்கும் மட்டும் தூக்கிக்கறோம்.

உன்
தேவநாதன்

•

திண்டிவனம்,
ஆடி 8

விழுப்புரத்து வீட்டோரே! மீண்டும் கூடத்துக்கு வாருங்கள்.

முதலில் என் கணவருக்கு. நீங்கள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தீர்கள் என்பதைச் செசிந்தாவிடம் படித்துக் காட்டினேன். “அண்ணன் பாஸ் பண்ணிட்டாருக்கா” என்றாள். அந்தச் சினம் யார் மீது என்று தெரியவில்லை என்றீர்கள். சொல்கிறேன்: அந்தப் படியின் மீது. அந்தச் சினத்தை அணைத்துவிடாதீர்கள். ஆவணி வரை ஆறப்போட்டால் அது சாம்பலாகிவிடும். பிறகு புரட்டாசி என்பீர்கள், ஐப்பசி மழை என்பீர்கள்.

ஆடியில் உங்கள் செக்கு ஓடவில்லையா? ஆடியில் அண்ணி உலை வைக்கவில்லையா? ஆடியில் எனக்கு மட்டும் சிறுநீர் வராதா? உடம்புக்கு விடுமுறைத் திங்கள் உண்டென்றால் எனக்கும் சொல்லுங்கள், எழுதிவைத்துக்கொள்கிறேன்! “ஆவணி வரைக்கும் மட்டும்” என்கிறீர்கள். ஒரே ஒருமுறைகூட இனி என்னை எவரும் தூக்கிக் கடத்த விடமாட்டேன்.

அண்ணி, உங்கள் மஞ்சளுக்கு நான் பகையில்லை. நிலையின் இரண்டு கால்களும் மேல்விட்டமும் அப்படியே நிற்கும். வெள்ளிக்கிழமை அங்கே பூசுங்கள். எட்டும் உயரத்தில் நானும் உடன் பூசுகிறேன். கீழே குறுக்கே கிடக்கிறதே, அந்த ஒரு கட்டை மட்டும் போகட்டும். குடும்பம் நிற்காது என்று அஞ்சுகிறீர்கள். அந்தக் கட்டை இருக்கும்போதே இந்தக் குடும்பத்தில் ஒருத்தி வெளியே கிடக்கிறாள், அண்ணி. இதைவிட என்ன நிற்காமல் போக வேண்டும்?

நாள் பார்க்காதீர்கள். பஞ்சாங்கத்தை மூடுங்கள். கோதண்டபாணியை இன்றே, இப்போதே அழையுங்கள். தளத்தை அடுத்த கிழமை கட்டிக்கொள்ளலாம். இப்போதைக்கு நீண்ட பலகை ஒன்று போதும், அதன்மேல் நானே உருட்டி வருவேன். ஈர்வாள் மரத்தில் இறங்கும்போது கைபேசியை அதனருகில் பிடியுங்கள். அந்த ஓசை என் காதில் விழுந்ததும் இங்கிருந்து வண்டி புறப்படும். பெட்டி கட்டி வைத்துவிட்டேன்.

அறுங்கள்!

உங்கள்
வேணி