ஒன்பது முதல் பன்னிரண்டு வரை

செப். 6, சனி
பதுளையில் வெயில், பண்டாரவளையில் மூடுபனி. பஸ்ஸில் கிட்டார் மடியில். கால் மரத்துப்போச்சு.

கிட்டார் வகுப்பு மோசம். ஸ்டடி என்கிற பயிற்சிப் பாடத்தை முழுவதும் நிற்காமல் வாசித்தேன், பெருமையாக. மிஸ் கண்ணை மூடிக் கேட்டார்.

"அக்கா, ஒன்பதாவது கட்டத்துலருந்து பன்னிரண்டு வரைக்கும் ஓடுறீங்க. வராத எடத்த வேகத்துல மறைக்கிறீங்க."

இசைத்தாளில் கோடு போட்டுப் பிரித்த நாலே கட்டம். இடது ஆள்காட்டி விரலைக் குறுக்கே கிடத்தி ஆறு கம்பியையும் அழுத்த வேண்டிய இடம். சாயம் இறங்கிய சேலையை, கறை உள்ளே போகும்படி மடித்து விற்றவள்தானே நான். இருபது வருடத் துணிக்கடைப் பழக்கம் விரலுக்கும் வந்துவிட்டது.

21ஆம் திகதி மாணவர் இசை நிகழ்ச்சி. அடுத்த சனிக்குள் நாலு கட்டமும் ஓடாமல் வந்தால்தான் பட்டியலில் என் பெயர். வயது 49. நமுனுகுல தோட்ட லயத்திலிருந்து வந்து பதுளையில் கடை போட்டேன், இதுவா வராது?

செப். 8, திங்கள்
காலை 5 – 6. காற்று. நாலு கட்டம் மட்டும், தாளம் தட்டும் மெட்ரோனோம் 50.
குறைகள்:
– மூன்றாம் கம்பி செத்த சத்தம். விரல் மடிப்பில் விழுகிறது. கொஞ்சம் மேலே ஏற்றினால் சரி.
– இடது தோள் காதுவரை ஏறுகிறது.
– மூச்சே விடுவதில்லை!
போனில் பதிவு செய்து கேட்டேன். தையல் மெஷின் ஓடுகிற மாதிரி. வலது மோதிர விரல் பாடணும், மற்ற விரல்கள் ஒதுங்கி நிற்கணும் என்று மிஸ் சொன்னது இதைத்தான்.

செப். 9, செவ்வாய்
புதுச் சரக்கு. கட்டுப் பிரிக்கும்போது பட்டையில் மாட்டி வலது மோதிர விரல் நகம் ஒடிந்து போச்சு. கம்பி மீட்ட மூன்று மாதம் வளர்த்த நகம். அந்த விரல்தான் போகணுமா.

கடையில் என்னோடு நிற்கும் பூமணியக்கா விரலில் வைக்க மஞ்சள் தேடினார். பக்கத்துச் செருப்புக் கடைக்கார நானா எட்டிப் பார்த்தார்.
"தங்கச்சி, அந்த நெகத்தால எத்தின சேலைல நூல இழுத்து வச்சீங்க. இனி கடை தப்பிச்சு."
சிரித்துவிட்டேன். உண்மை. மெல்லிய துணியெல்லாம் மூன்று மாதமாக அக்காதான் விரிக்கிறார்.

செப். 11, வியாழன்
மழை. வியாபாரம் மந்தம். பின்னறையில் அரை மணி. பிங்பொங் பந்தை வெட்டி நகமாக ஒட்டலாமாம், வீடியோவில் பார்த்தது. ஒட்டினேன். இரண்டாவது மீட்டில் பறந்து துணிக்கட்டில் விழுந்தது.
வெறும் சதையால் வாசித்தேன். சத்தம் சின்னது, ஆனால் உருண்டை. மற்ற விரல்களை அடக்கினால் கேட்கிறது. மெட்ரோனோம் 54.

செப். 13, சனி
பண்டாரவளை. முதல் எட்டுக் கட்டம் சுமார். ஒன்பது வந்தது. ஓடவில்லை. பத்தில் ஒரு கம்பி செத்தது. கேட்கட்டும் என்று விட்டேன், எண்ணிக்கையை விடவில்லை. பதினொன்றில் மோதிர விரல் பாடியது. எனக்கே கேட்டது. பன்னிரண்டிலும் ஓடவில்லை.

வாசித்து முடித்து மிஸ்ஸைப் பார்த்தேன். விலை சொல்லிவிட்டு வாங்குபவர் முகத்தைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.
"பத்துல ஒண்ணு செத்துருச்சு அக்கா."
"தெரியும் மிஸ். மறைக்கல."
பட்டியலை எடுத்தார். பத்து வயதுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு நடுவில்தான் இடம், பரவாயில்லையா என்றார்.
"எழுதுங்க மிஸ்."

திரும்பும் பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியில் ஆள்காட்டி விரலைக் கிடத்திப் பத்தாவது கட்டம் பழகினேன். வழியில் தெமோதரை வரை அதே.