பாதி கீறிய வண்டு

மச்சான்,

நேற்று டூட்டிங் கடைத்தெருவில் மரக்கறி வாங்கப் போயிருந்தேன். மழை பெய்து ஓய்ந்த நேரம். கடைக்குப் பின்புறம் சரக்கு இறக்கிய மரத்தட்டு ஒன்று சுவரில் சாய்ந்து நின்றது. அதன் ஒரு பலகையில் பட்டை உரியாமல் இருந்தது. ஈரப் பட்டையிலிருந்து அந்தப் பிசின் மணம் வந்தது. ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரத்தின் மணம். கையில் இருந்த முருங்கைக்காயைக் கீழே வைத்துவிட்டு அப்படியே குந்திவிட்டேன். பட்டையை நகத்தால் கிளப்பினேன். அடியில் நம்முடைய பழைய கோலம் இருந்தது: நெடுக்காகத் தாய் வண்டு குடைந்த ஒரு வழி, அதன் இரு பக்கமும் புழுக்கள் தின்றுகொண்டே போன சிறு வழிகள். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணை, ஏதும் துலைச்சுப்போட்டியளோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

நீ போய் ஆறு வருடமாகிறது. இந்தக் கடிதத்தை அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் இருந்ததற்குச் சோம்பல் காரணம் இல்லை, பயம்தான் காரணம்.

யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்துவிட்டு லண்டனில் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் செய்துகொண்டிருந்த இரண்டு பேருக்கு, கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஆற்றங்கரைக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்னப் பரிசோதனைக்கூடம் கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம். ஒரே மாதத்தில் சேர்ந்தோம். ஒரே மேசையின் இரு பக்கமும் இருந்தோம். கப்பலில் வரும் மரப்பெட்டிகளின் பட்டைக்குள் ஒளிந்து வருகிற வண்டுகளுக்குப் பெயர் சொல்வது வேலை. கலியாண வீடுகளில் யாராவது உத்தியோகம் கேட்டால், "நாங்கள் வண்டுக்குப் பல்லுப் பாக்கிற டொக்டர்மார்" என்பாய். கேட்டவர் சிரிப்பதா வேண்டாமா என்று முழிப்பார்.

ஆனால் அது உண்மையும்தான். அரிசி மணியளவு வண்டைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால், முதுகு முடிகிற இடம் கரண்டியால் கிள்ளி எடுத்ததுபோல் சரிந்திருக்கும். அந்தச் சரிவின் விளிம்பில் இருக்கும் பற்களை வைத்துத்தான் பெயர். பக்கத்துக்கு மூன்று என்றால் ஒன்று, ஆறு என்றால் இன்னொன்று. பக்கத்துக்கு நான்கு இருந்து, மூன்றாவது பல் பெரிதாகத் தலை திரண்டிருந்து, சரிவு சவர்க்காரம் பூசிக் காய்ந்ததுபோல் மங்கலாக இருந்தால் அதுதான் நாம் பயந்த ஆள். எட்டுப் பல்லன் என்று நீ பெயர் வைத்தாய். அவன் இந்த நாட்டு ஸ்ப்ரூஸ் காட்டுக்குள் இறங்கிவிடக் கூடாது. அவனுக்கு ஓர் ஒன்றுவிட்ட தம்பி உண்டு. பல் அதே நான்கு, சரிவு மட்டும் மினுங்கும். ஸ்பிரிட்டிலிருந்து எடுத்த ஈரத்தோடு பார்த்தால் அண்ணனும் மினுங்குவான். நான் அவசரப்படும்போதெல்லாம் நீ சொல்வாய்: "காயவிடு மச்சான். காஞ்சாப் பிறகு பேர் வை."

ஒவ்வொரு வண்டுக்கும் ஒரு தாள். ஸ்பிரிட் பட்டால் மை கரையும் என்பதால் பென்சில்தான். தாளின் நடுவே ஒரு கட்டம். அதற்குள் சரிவை இரண்டு பக்கப் பற்களோடும் படமாகக் கீற வேண்டும். ஒரு பக்கத்துப் பல் முறிந்திருக்கலாம் என்பதால் அந்த விதி. ஒருவர் கீறிப் பெயர் எழுத, மற்றவர் வண்டைத் தானும் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். பாதி கீறிய தாளை நம் மேலாளர் அம்மா திருப்பி அனுப்பிவிடுவார்.

சண்டையால் மூடிக் கிடந்த யாழ்ப்பாணத்து ஏ-ஒன்பது பாதை திறந்த வருடம் அது. சித்திரையில் நீ முதல் தடவையாகப் பாதி வண்டு கீறினாய். வலப்பக்கத்து நான்கு பல்லும் அச்சில் வார்த்ததுபோல் இருந்தன. இடப்பக்கம் வெள்ளைத் தாள்.

"என்ன மச்சான், பாதி வண்டுதான் வந்ததோ?" என்றேன்.

நீ தாளைப் பார்த்தாய். ஒரு கணம் எதுவும் விளங்காதவன்போல் இருந்தாய். பிறகு சிரித்தாய். "ரெண்டு பக்கமும் ஒண்டுதானே. ஏன் ரெண்டு தரம் கீறுவான்?"

எனக்கும் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு ஊருக்குப் போக டிக்கெற் எடுத்து வைத்திருந்தாய், மனம் முன்னாலேயே போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் அந்தக் கோடையில் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்க இருந்தார்கள். இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் இடம் என்று கதை அடிபட்டது. உன் தாள்கள் திரும்பி வந்தால் யாரை அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் பென்சிலை எடுத்து இடப்பக்கத்தை நான் கீறினேன். நீ கீறியதைப் பார்த்து, கண்ணாடியில் தெரிவதுபோல மறுபக்கம் திருப்பி. பெயரில் ஒரு பிழையும் இல்லை. பாதியைப் பார்த்தே நீ எல்லாவற்றுக்கும் சரியான பெயர் வைத்தாய். அதனால்தான் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவரவில்லை.

அடுத்த நாளும் பாதி. அடுத்த கிழமையும் பாதி. நானும் ஒவ்வொரு பின்னேரமும் உன் வண்டுகளை முழுசாக்கிக் கையெழுத்து வைத்தேன். உனக்குச் சொல்லவில்லை. நண்பனுக்கு உதவுகிறேன் என்று மனதுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியில் பிட்டை வலப்பக்கம் முடித்துவிட்டு, இடப்பக்கத்துச் சம்பலைத் தொடாமல் மூடி வைப்பாய். எனக்கென்று மிச்சம் விடுகிறாய் என்று நினைத்து நான் எடுத்துச் சாப்பிட்டேன். கதவு நிலையில் உன் இடத்தோள் இடிபடும். "கண்ணைத் திறந்து நட மச்சான்" என்று பகிடி பண்ணினேன். அந்தச் சொல் இப்போதும் காதுக்குள் நிற்கிறது.

ஆனி மாதத்தில் ஒருநாள் படியிறங்கும்போது விழுந்தாய். ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒரு தாளைத் தந்து மணிக்கூடு கீறச் சொன்னார். நான் கட்டிலருகே நின்றேன். பன்னிரண்டு இலக்கங்களையும் வலப்பக்கத்தில் நெருக்கி வைத்துவிட்டு, சரிதானே என்பதுபோல் என்னை நிமிர்ந்து பார்த்தாய். இடப்பக்கம் வெள்ளைத் தாள். மூளையின் வலப்புறம் கட்டி என்றார்கள். உன் கண்ணில் பிழை இல்லை, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை மறந்துவிட்டது என்றார்கள்.

வெளியே நடையில் உன் மனைவி சுகந்தி என்னிடம் கேட்டாள். "அண்ணை, இது எப்ப தொடங்கினதெண்டு டொக்டர் கேக்கிறார். வேலையிலை இவர் ஏதும் பிழை விட்டவரோ?"

சித்திரையிலிருந்து என்று சொல்லியிருக்க வேண்டும். தாள்களில் என் கையெழுத்து இருந்தது. பார்க்காமல் கீறிய பாதிகள் இருந்தன. உன் வேலையும் போய்விடும், என் வேலையும் போய்விடும் என்று அந்த நேரத்திலும் கணக்குப் பார்த்தேன். "இல்லை, நான் ஒண்டும் காணேல்லை" என்றேன்.

மறுநாள் கூடத்துக்குப் போய் நீ கடைசியாகக் கீறிய தாளை யாருக்கும் தெரியாமல் உருவி எடுத்தேன். அந்த வண்டை நுணுக்குக்காட்டியில் வைத்து முதல் தடவையாக இடப்பக்கத்தைப் பார்த்தேன். மூன்றாவது பல் அடியோடு முறிந்திருந்தது. நான் அதை வடிவாக, தலை திரண்ட முழுப் பல்லாகக் கீறி வைத்திருந்தேன். இடப்பக்கத்தைப் பார்க்காமல் விட்டவன் நீ மட்டும் இல்லை மச்சான்.

மார்கழிக்கு முன் நீ போய்விட்டாய். ஒப்பந்தம் எனக்குக் கிடைத்தது. உன் டிக்கெற் வீணாகியது. அந்தப் பாதையும் பிறகு மூடிவிட்டார்கள். இப்போது கூடத்தில் கமரா வந்துவிட்டது. வண்டைக் கீறத் தேவையில்லை. நான் மட்டும் இன்னும் கீறுகிறேன். உன் கதிரைக்கு வந்த ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். சில பின்னேரங்களில் எதிர்ப்பக்கம் பென்சில் உரசுகிற சத்தம் கேட்கும். நிமிர்ந்து பார்ப்பதில்லை.

நேற்று டூட்டிங்கிலிருந்து வந்ததும் அந்தத் தாளை எடுத்தேன். ஆறு வருடமாக அலுமாரிக்குள் சட்டைகளுக்கு அடியில் கிடந்தது. அழிறப்பரால் இடப்பக்கத்தை, என் பக்கத்தை, மெதுவாக அழித்தேன். உன் பாதி மட்டும் மிஞ்சியது. நான் அழுத்திக் கீறுகிறவன் என்பது உனக்குத் தெரியும். தாளைச் சாய்த்துப் பிடித்தால் அந்த நான்கு பல்லும் தடமாகத் தெரிகின்றன.

இன்று காலை செவன் கிங்ஸில் உங்கள் வீட்டுக்குப் போனேன். சுகந்தி தேத்தண்ணி வைத்தாள். தாளை மேசையில் வைத்து, சித்திரையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவாள் என்று நினைத்தேன். எழும்பிப் போகச் சொல்வாள் என்றும் நினைத்தேன். அவள் கோப்பையைத் தாளில் படாமல் தள்ளி வைத்தாள்.

"அண்ணை," என்றாள், "அந்தச் சித்திரை தொடக்கம் அவர் இடப்பக்கம் தாடி வழிக்கிறேல்லை. பாதி முகத்தோடை வேலைக்கு வெளிக்கிட்டு நிப்பார். நான்தான் வாசலிலை மறிச்சு மிச்சத்தை வழிச்சு விடுறனான். பஞ்சி பிடிச்ச சோம்பேறி மனிசன் எண்டு ஏசி ஏசி."

எத்தனை காலை உன் மழித்த முகத்தை எதிரே பார்த்தபடி இருந்திருப்பேன்.

"டொக்டருக்குச் சொல்லுவம் எண்டுதான் இருந்தனான். நீங்கள் வேலையிலை ஒண்டும் காணேல்லை எண்டு சொன்னியள். அப்ப நான் கண்டதும் ஒண்டுமில்லை எண்டு நினைச்சன். எனக்குப் பெரிய ஆறுதலாக் கிடந்தது அண்ணை. அதாலை சொல்லேல்லை."

காலையில் அவளும் பின்னேரத்தில் நானுமாக, ஆளுக்கொரு பக்கம் நின்று உன்னை முழு ஆளாக வைத்திருந்திருக்கிறோம். உனக்குக்கூடத் தெரியாமல். இன்னும் கொஞ்சம் முன்னதாகத் தெரிந்திருந்தால் என்று டொக்டர் தொடங்கி, முடிக்காமல் விட்ட வாக்கியத்தை நாங்கள் இருவரும் ஆறு வருடமாகத் தனித்தனியாக முடித்துப் பார்த்திருக்கிறோம்.

சுகந்தி தாளை யன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். வெளிச்சத்தில் அந்தத் தடங்கள் தெரிந்திருக்க வேண்டும். வெறும் பக்கத்தை விரலால் தடவினாள்.

"இந்தப் பக்கம் நீங்கள் கீறினதோ?"

"ஓம்."

"வடிவாத்தான் கீறியிருக்கிறியள்," என்றாள்.

தாளை அவளிடமே விட்டுவிட்டு வந்துவிட்டேன். அவள் சொன்னதைத்தான் இந்தக் கடிதத்தில் உன்னிடம் கொண்டுவந்திருக்கிறேன்.