தாய் வெளிநாட்டில் என்ற வரி

ராத்தா,

இன்று காலை அலுவலக அலுமாரியை ஒழிக்கும்போது உங்கள் ஃபோட்டோகொப்பி கையில் கிடைத்தது. கராம்பு வாசம் இன்னும் போகவில்லை. பல்வலிக்கென்று வாங்கும் கராம்பை அந்தத் தாள்களுக்குள்தானே மடித்து வைப்பீர்கள்!

வழக்கில் சிக்கும் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை அது. நன்னடத்தை உத்தியோகத்தர்களான நம் எல்லோருக்கும் பயிற்சியில் கொடுத்தார்கள். என் பிரதியை ஆடுகிற மேசைக்காலுக்குக் கீழே மடித்து வைத்தேன். அலுவலகத்துக்கே மூத்த அக்காவான நீங்களோ ஒரு வரிக்குக் கோடிட்டு வைத்திருந்தீர்கள். சிறுவர் சீர்திருத்த விடுதிக்கு அனுப்புவதைவிட, பிள்ளையை வீட்டில் வைத்து அடிக்கடி போய்ப் பார்த்தால் மீண்டும் தவறுவது குறைவு என்ற வரி.

அந்த வாரம்தான் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்துச் சிறுமியின் வழக்கு. பதினைந்து வயது, கடையில் கைபேசி திருடியவள். நீதவானுக்கு நான் எழுதிய அறிக்கையை நீதிமன்றத் தாழ்வாரத்தில் வாங்கி வாசித்தீர்கள். "தாய் வெளிநாட்டில். கவனிக்க ஆளில்லை. விடுதிக்கு அனுப்பப் பரிந்துரைக்கிறேன்."

"வீட்டுக்குப் போனீங்களா புள்ள?"

போகவில்லை. பழைய அறிக்கையைப் பார்த்துப் புதியதை எழுதுவதுதான் நம் அலுவலக வழக்கம். தோட்டத்துப் பிள்ளை என்றால் 'தாய் வெளிநாட்டில்' என்ற வரி தானாக வந்து உட்கார்ந்துவிடும். நீங்கள் வழக்கைத் தள்ளிவைக்கத் தவணை கேட்டு வாங்கி, அன்றே என்னை பஸ்ஸில் ஏற்றினீர்கள். லயத்து வீட்டு வாசலில் அந்தத் தாயே நின்றாள்.

"நான் குவைத்துலயிருந்து வந்து மூணு மாசமாச்சுங்க மிஸ். யாரும் கேக்கலயே," என்றாள்.

கூசிப்போனேன். நீங்கள் ஒரு வார்த்தை ஏசவில்லை. அறிக்கையைத் திருத்தினோம், சிறுமி வீட்டிலேயே இருந்தாள். வாரந்தோறும் போய்ப் பார்த்தீர்கள். இப்போது அவள் தையல் வேலைக்குப் போகிறாள்.

அன்று திரும்பும் வழியில் கேட்டேன்: "இதுக்கு முந்தி நான் எழுதினதெல்லாம் என்ன ராத்தா செய்றது?"

"எல்லாத்தயும் எடுங்க. ஒண்டொண்டா போய்ப் பாப்பம்."

ஒன்பது பிள்ளைகள். ஆறு வீட்டுக்குச் சேர்ந்து போனோம், இரண்டு பேரை விடுதியிலிருந்து மீட்டோம். அதற்குள் அந்தப் பாழாய்ப்போன நோய் உங்களைக் கொண்டுபோய்விட்டது. மடவளையில் உங்கள் ஜனாஸா வீட்டில் அழுதுவிட்டு வந்தவள், மிச்ச மூன்று கோப்புகளையும் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். தனியாகப் போகப் பயம், வேறொன்றுமில்லை.

இன்று வெளியே எடுத்துவிட்டேன். நாளை முதல் கோப்போடு கம்பளைக்குப் போகிறேன். அந்தப் பிள்ளை என்னுடைய அதே வரியால் விடுதிக்குப் போய் இரண்டு வருடமாகிறது. கதவைத் தட்டும்போது தாய் வந்து திறந்துவிடக் கூடாதே என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது, ராத்தா. திறந்தால், மன்னிப்புக் கேட்டுவிட்டு, புதிய அறிக்கையை அவள் வீட்டில் உட்கார்ந்தே எழுதுவேன்.