நெல்லிமரத் தெருவின் ஒரே தேடல் கணக்கில் பயந்துகொண்டிருக்கும் ஒருவர்

அனுப்புநர்:
கோ. மணவாளன், வயது 57,
உருக்காலையில் கிரேன் இயக்குபவர், தெருவுக்கெல்லாம் மாமா,
கதவு எண் 14, நெல்லிமரத் தெரு,
சிப்காட் பின்புறம், கும்மிடிப்பூண்டி,
திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்:
பொறுப்பு அலுவலர் அவர்கள்,
இணையவழி மதத் தீவிரவாதத் தடுப்பு – தேடுபொறி நல்வழிப் பிரிவு,
திருவள்ளூர்.

பொருள்: தங்கள் பிரிவு ஒருவருக்கு அனுப்பிய ஆறுதல் கடிதம் இருபத்து மூன்று கைப்பேசிகளில் விழுந்தது – தெரு நடுங்குவது – அந்த ஒருவர் இன்னும் உதவி கேட்டுக்கொண்டிருப்பது – வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குள் பதில் வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: தங்கள் மின்னஞ்சல், நாள் 4.11.2025, "நீங்கள் தனியாக இல்லை" எனத் தொடங்குவது.

மதிப்புக்குரிய ஐயா (அம்மையாராக இருப்பின் அம்மா, பொறுப்பு அலுவலர் யார் என்று கடிதத்தில் பெயர் இல்லாததால் பயத்தில் இரண்டையும் எழுதிவிட்டேன்),

1. முதற்கண், இம்மனுவை ஏன் மின்னஞ்சலில் அனுப்பவில்லை என்று தாங்கள் கேட்கக்கூடும். அனுப்பினால் அதை எங்கள் தெருவில் இருபத்து மூன்று பேரும் படிப்பார்கள். ஆகவே கையால் எழுதி, பெரியபாளையம் வழியாக இரண்டு பேருந்து மாறி, நானே சுமந்து வந்திருக்கிறேன். முப்பது டன் இரும்பைத் தலைக்கு மேல் தூக்கி நகர்த்துவது என் தொழில். இந்த நான்கு தாள் அதைவிடக் கனமாக இருக்கிறது.

2. இருபத்து மூன்று பேரும் எப்படிப் படிப்பார்கள் என்பதை விளக்கக் கடமைப்பட்டுள்ளேன். எங்கள் ஸ்டேஷன் ரோட்டில் பாஸ்கர் என்பவர் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் ஆடித் தள்ளுபடியில் ஒரே ரகக் கைப்பேசியை எங்கள் தெருவுக்கு இருபத்து மூன்று விற்றார். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு தொடங்க வேண்டுமாம், பிறந்த தேதி கேட்குமாம். "அதெல்லாம் பேஜாரு மாமா. என் கணக்கையே போட்டுக் குடுத்துடறேன், சும்மா ஜம்முனு ஓடும்" என்றார். ஓடியது. ஒரே குதிரையில் இருபத்து மூன்று பேர் ஏறி ஓடினோம். எல்லோருடைய தொலைபேசி எண்களும் எல்லோருக்கும் வந்து சேர்ந்தன. என் கைப்பேசியில் 'அம்மா' என்று மட்டும் பதினேழு பேர் இருக்கிறார்கள். இவ்வளவு தாய்ப்பாசம் சக்கரவர்த்திகளுக்கும் வாய்த்ததில்லை.

3. அத்தோடு, ஒருவர் தேடுபொறியில் எதைத் தேடினாலும், அடுத்தவர் தேடல் பெட்டியைத் தொட்டவுடன் அது சின்னக் கடிகாரப் படத்தோடு கீழே வந்து நிற்கும். தேடியவர் பெயர் வராது. எந்தக் கைப்பேசி என்பதும் தெரியாது. எல்லாமே ஒரே ரகம். இது தெருவில் பலருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. இங்கேதான் என் குற்றம் தொடங்குகிறது, மறைக்காமல் எழுதுகிறேன்.

தினமும் காலையில் கலியன் தேநீர்க் கடையில் நின்று, "நெல்லிமரத் தெரு தலைப்புச் செய்திகள்" என்று கூவி, அந்தப் பட்டியலை உரக்கப் படிப்பேன். 'குறட்டையை நிறுத்த வழி', 'மாமியார் மனம் மாற எந்தக் கோயில்', 'வழுக்கையில் முடி முளைக்குமா'. கடைசியாகச் சொன்னது என் பக்கத்து வீட்டு ஸ்டீபன் தேடியது என்று நானாகவே தீர்ப்பளித்து, மூன்று மாதம் அவரைத் தொப்பி போட வைத்தேன். கடை சிரிக்கும் சிரிப்பில் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக் கப்பல்கள் ஆடும். என் மனைவி கெங்கம்மாள் அப்போதே சொன்னாள்: "இன்னாயா, உன் வாயி லவுட்ஸ்பீக்கரு. நாளைக்கு ஒர்த்தனுக்கு ஒண்ணுன்னா உன்னாண்ட எவன் வந்து சொல்லுவான்?" நான் அதற்கும் சிரித்தேன்.

4. அக்டோபர் மாதம் இரண்டாம் வாரம் முதல் பட்டியலில் வேறு மாதிரி வரிகள் வரத் தொடங்கின. 'அவங்க கடையில் வாங்கினால் பாவமா'. 'சாமிக்காக உயிர் விட்டவர்கள் வீடியோ'. 'சத்தியம் செய்து குழுவில் சேர்ந்தபின் வீட்டில் சொல்லலாமா'. எந்தச் சாமி, எந்த மதம் என்று இம்மனுவில் எழுத மாட்டேன். எங்கள் தெருவில் பவானி அம்மனுக்குக் கூழ் ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு சொல் எழுதினால் போதும், நாளை பாதித் தெரு மீதித் தெருவை முறைக்கும். தங்களிடம் பட்டியல் இருக்கும், தாங்களே பார்த்துக்கொள்ளவும்.

அந்த வரிகளை நான் கடையில் படிக்கவில்லை. என் வாழ்நாளில் வாயை மூடியது அதுவே முதல் முறை.

5. பிறகு ஒரு நாள் பிற்பகல் 2.20க்கு, அதாவது ஷிப்ட் மாறும் நேரத்துக்கு, 'குழுவிலிருந்து விலகினால் என்ன செய்வார்கள்' என்று வந்தது. நானும் அதையே தட்டிப் பார்த்தேன். முதல் வரியில் மஞ்சள் கட்டத்துக்குள் தங்கள் பிரிவின் அறிவிப்பு வந்தது. தேடுபவரைத் திட்டாமல், கைது என்று மிரட்டாமல், பேசலாம் வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தீர்கள். அரசாங்கம் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. மனதுக்குள் பெரிய கும்பிடு போட்டேன். யாரோ அந்த ஒருவரும் அதை நம்பியிருக்கிறார். அந்தக் கட்டத்தை அழுத்தி, உதவி வேண்டும் என்ற இடத்தில் தொட்டிருக்கிறார்.

6. அதற்குப் பதிலாகத் தாங்கள் அனுப்பியதே பார்வையில் கண்ட கடிதம். 4.11.2025 காலை 7.40க்கு, தெருவில் பாதிப் பேர் நாஷ்டா சாப்பிடும் நேரத்தில், இருபத்து மூன்று கைப்பேசிகளும் ஒரே சமயத்தில் "டிங்" என்றன. "அன்புள்ள பாஸ்கர் செல் வேர்ல்டு அவர்களே, நீங்கள் தனியாக இல்லை. மதத் தீவிரவாதக் குழுவிலிருந்து வெளியேற விரும்பும் உங்கள் முடிவைப் பாராட்டுகிறோம்."

ஐயா, தாங்கள் நல்லதுதான் செய்தீர்கள். ஆனால் அந்த ஒருவர் காதில் சொல்ல வேண்டியது எங்கள் தெரு நடுவில் வெடித்தது. கையிலெடுத்த இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு எல்லோரும் வாசலுக்கு வந்தோம். ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தோம். கும்மிடிப்பூண்டியின் புகைபோக்கிகள் அத்தனையும் அன்று என் நெஞ்சுக்குள் ஊதின.

7. பாஸ்கர் அன்றே கடையைப் பூட்டிவிட்டு, எல்லை தாண்டிச் சூளூர்பேட்டையில் மாமனார் வீட்டுக்கு ரயில் ஏறிவிட்டார். தொலைபேசியில் பிடித்தேன். "நைனா, என்னை வுட்டுடு நைனா. பேரு மட்டும்தான் என்து, பாவம் என்து இல்ல" என்று அழுதார். அவர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் தேடியதெல்லாம் கிரிக்கெட் மட்டுமே.

8. 6ஆம் தேதி மதியம் பட்டியலில் இந்த வரி வந்தது. எழுத்து மாறாமல் எழுதுகிறேன்:

'குழுவில் ஒரு வீட்டை போட்டோ எடுத்து அனுப்பிட்டேன் இப்போ என்ன செய்வது'

யார் வீடு என்று இல்லை. இதை நான் மட்டும் பார்த்திருந்தால் விழுங்கியிருப்பேன். ஆனால் கடிதம் வந்த நாள் முதல் தெருவே பட்டியலைப் பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டது. அன்று மாலை ஸ்டீபனின் மனைவி ஹெலன் என் வாசலில் வந்து நின்றார். "எங்க ஊட்டையா மாமா காட்டிக்கீறாங்க? தெரிஞ்சா சொல்டுங்க. புள்ளைங்கள மீஞ்சூர்ல எங்கம்மா ஊட்டுக்கு அனுப்பிடறேன்" என்றார். தெரியாது என்றேன். என் பின்னால் நின்ற கெங்கம்மாள், "நம்ம ஊடா இருந்தா?" என்றாள். வாசலில் அம்மன் படத்துக்கு மாலை போட்டிருக்கும் வீடு எங்களுடையது. மேல் மாடியில் ஜெபக் கூட்டம் நடக்கும் வீடு அவர்களுடையது. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினெட்டு வருடமாக ஒரே மோட்டாரில் தண்ணீர் பிடிப்பவர்கள். இரண்டு வீட்டிலும் இப்போது மாலை ஐந்து மணிக்கே தாழ்ப்பாள் விழுகிறது. கலியன் கடையில் இந்தப் பெஞ்சுக்கு இவர்கள், அந்தப் பெஞ்சுக்கு அவர்கள் என்று ஆகிவிட்டது. அப்படி உட்காரச் சொன்னவர் யாருமில்லை.

9. மஞ்சள் கட்டத்தில் கண்ட எண்ணுக்கு நான் மூன்று முறை அழைத்தேன். பதிவு செய்த குரல் ஒன்று, தாங்கள் எங்களுக்கு முக்கியமானவர் என்றது. பிறகு அலுவலக நேரம் மாலை 5.45 வரை என்றது. பிறகு அதுவே வைத்துவிட்டது. எங்கள் பகுதியில் பாதி உயிர்கள் பிற்பகல் ஷிப்ட் போய் இரவில் வெளியே வருபவை. பயம் அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

10. தெருக் கூட்டம் போட்டார்கள். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குப் பாஸ்கர் வந்து அந்தக் கணக்கையே அடியோடு அழித்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. போலீஸ் வருவதற்குள் எல்லாம் போய்விடும், நிம்மதி என்றார்கள். நான் ஒருவன் எதிர்த்தேன். அப்படியானால் கேட்ட அந்த ஆள் எங்கே போவான், அந்த வீடு என்ன ஆகும் என்றேன். கலியன் எழுந்து, "இவ்ளோ நாளு எல்லாத்தையும் படிச்சிக் காட்டினியே மாமா, இத மட்டும் ஏன் படிக்கல? நீதானா அது?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. இதுவரை அவர் முகத்தை நேராகப் பார்க்க என்னால் முடியவில்லை.

11. தங்கள் சட்டத்தில் குற்றமா என்று தெரியாத ஒரு காரியத்தைச் செய்துவிட்டேன். நான் தேடல் பெட்டியில் எதை எழுதினாலும் அது அந்த ஒருவர் கைப்பேசியிலும் வந்து நிற்கும் அல்லவா? திங்கட்கிழமை காலை, கிரேன் கூண்டில் ஏறுமுன், தேடும் கேள்வியாக இல்லாமல், அவருக்கு ஒரு கடிதமாக இதைத் தட்டினேன்:

'யாரா இருந்தாலும் மாமா சிரிக்க மாட்டேன்'

மஞ்சள் கட்டமும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. பிற்பகல் 2.20க்கு அதன் மேல் புதிய வரி நின்றது:

'நீங்க டீக்கடைல படிச்சிக் காட்டுவீங்க'

ஐயா, கூண்டு அறுபது அடி உயரம். அங்கிருந்து விழுந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது. படித்தால் என் நாக்கு அழுகட்டும் என்று எழுதினேன். யார் வீடு, அதையாவது சொல் என்று எழுதினேன். செவ்வாய் முழுதும் பதில் இல்லை. நேற்று, புதன்கிழமை, இரண்டு வரிகள் வந்தன. முதலாவது, 'வேணாம்னு சொன்னா உன் ஊட்டையும் காட்டுவோம்னு சொல்றாங்க மாமா'. ஒரு நிமிடம் கழித்து இரண்டாவது, 'ஞாயித்துக்கெழம அழிச்சிட்டா நான் யாராண்ட கேப்பேன்'.

அதாவது தெருக் கூட்டத்தில் அந்த ஒருவரும் எங்களோடு உட்கார்ந்திருக்கிறார். அழித்துவிடலாம் என்று கை தூக்கியவர்களில் அவரும் ஒருவராக இருக்கலாம்.

12. ஆகவே தங்கள் மேலான சமூகத்தில் கேட்டுக்கொள்வது:

ஞாயிறு பத்து மணிக்குள் அந்தக் கணக்கை அழிக்காமல் நிறுத்தி வைக்கத் தாங்கள் ஒரு வார்த்தை எழுதித் தர வேண்டும். என் வார்த்தை தெருவில் இனிச் செல்லாது.

பிற்பகல் ஷிப்ட் முடிந்த இரவு நேரத்திலும் எடுக்கக்கூடிய ஓர் எண்ணையும், அதன் மறுமுனையில் பதிவு செய்யாத குரல் உள்ள ஒரு மனிதரையும் தர வேண்டும். அவர் எங்கள் பேச்சில் பேசுபவராக இருந்தால் நல்லது. 'நல்வழிப்படுத்துதல்' என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் ஆட்கள் போலீஸ் வேன் என்று ஓடிவிடுவார்கள்.

எந்த வீடு என்று தெரியும் வரை எல்லா வீட்டுக்கும் காவல் வேண்டும். சைரன் இல்லாமல், சீருடை இல்லாமல், மின்வாரியத்துக்காரர் மாதிரி யாரையாவது நிறுத்தினாலும் போதும். ஜீப் வந்து நின்றால் தெரு தானாகவே ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கை காட்டிவிடும். அது தவறான ஆளாக இருக்கும்.

அந்த ஒருவர் யார் என்று தாங்கள் கண்டுபிடித்தால், எனக்குச் சொல்ல வேண்டாம். கெஞ்சிக் கேட்டாலும் சொல்ல வேண்டாம்.

கடைசியாக ஒன்று. நேற்று வந்த அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. ஐம்பத்தேழு வருடமாக வாய்க்கு வந்ததையெல்லாம் பேசியவன், தேடல் பெட்டிக்குள் கோடு மினுங்குவதைப் பார்த்துக்கொண்டு கட்டைவிரலை வைத்தபடி நிற்கிறேன். தவறாக ஒரு வரி எழுதினால் அவர் போய்விடுவார். என்ன எழுத வேண்டும் என்று படித்த தாங்கள் சொல்லித் தர வேண்டும். இன்று அவருடைய ஷிப்ட் 2.20க்கு மாறும். இப்போது மணி பதினொன்றரை. மனுவைப் படிக்கும் வரை தங்கள் அலுவலக வாசல் பெஞ்சில்தான் இருப்பேன். பதிலில்லாமல் பேருந்து ஏறமாட்டேன்.

நாள்: 13.11.2025, வியாழன்
இடம்: திருவள்ளூர்

பயத்தோடும் தங்கள் மேல் வைத்த நம்பிக்கையோடும்,
கோ. மணவாளன்
(கையொப்பம்)

இணைப்பு: தேடல் பட்டியலின் நகல், இரண்டு தாள்கள். தெருவாரின் சொந்தச் சங்கதிகள் உள்ள வரிகளை நானே கறுப்பு மையால் அடித்துவிட்டேன். அவை தங்களுக்கும் தேவையில்லை, எனக்கும் தேவையில்லை.