நீலத் தொப்பியிடம் கேட்க ஒரு கேள்வி

அம்மா,

மேசை முழுக்க நீலக் காகிதம். விரல்களில் மாப்பசை காய்ந்து இழுக்கிறது. அதன் புளித்த வாசனை எழும்போதெல்லாம் நீங்கள் பின்னால் நின்று அதட்டுவது போல இருக்கிறது. சின்ன வகுப்பில் நான் பட்டம் ஒட்டியபோது, "தின்னுற மாவையோ காகிதத்தில பூசுறாய்? முகாமில இதுக்கு வரிசையில நிண்டவளடி நான்" என்று சொல்லிவிட்டு, கிழிந்த இடத்தை நீங்களே ஒட்டித் தந்தீர்கள்.

நாளை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓர் இராணுவ அதிகாரி வருகிறார். எங்கோ ஒரு நாட்டில், சண்டைக்கு நடுவில் அகப்பட்ட சனங்களைக் காக்கப் போன சர்வதேச அமைதிப்படையில் நீலத் தொப்பியோடு இருந்தவராம். அதைப் பற்றிச் சிங்களத்தில் பேசப்போகிறார்; ஒருவர் இடையில் நின்று மொழிபெயர்ப்பார். சின்னப் பிள்ளைகள் அணிந்து வரவேற்கத்தான் இந்தக் காகிதத் தொப்பிகள். பேச்சு முடிந்ததும் கேள்வி கேட்க என்னைத் தெரிவுசெய்திருக்கிறார்கள். கேள்வியையும் அவர்களே தந்துவிட்டார்கள்: "உங்கள் தொப்பி ஏன் நீல நிறம்?"

ஒத்திகையில் நான் வேறொன்றைக் கேட்டுவிட்டேன்.

"சேர், சனத்தை விட்டுட்டு வாங்கோ எண்டு மேலிடம் சொன்னா என்ன செய்வியள்?"

அதிகாரியாக நடித்துக் கதிரையில் இருந்த ரீச்சர் எழும்பி வந்து என் கையைப் பிடித்தார். "பிள்ளை, தொப்பியைக் கேட்டாப் போதும். விளங்குதோ?" அவருடைய கை குளிர்ந்திருந்தது.

பின்னேரம் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். சீருடை இல்லை. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பாவிடம், "உங்கட மகள் நல்லாக் கதைப்பாவாம்" என்று சிரித்தபடி சொன்னார். அவ்வளவுதான். அவர் போன பிறகு அப்பா வலையைத் தொடவேயில்லை. "எனக்கு நீ ஒருத்திதான் மிச்சம். நீலத்தைக் கேள் எண்டா நீலத்தைக் கேள்" என்றார்.

இப்போது வெளியே எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் விளக்கைக் கையால் மறைக்கிறேன்.

ஆனால் அந்தக் கேள்வி உங்களுடையது, அம்மா. நான் பிறக்க முன்னம், கடைசிச் சண்டையின்போது, வன்னியில் சனத்துக்கு உதவிக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரர்களை வெளியேறச் சொன்னார்கள். போகவேண்டாம் என்று சனம் அவர்களுடைய அலுவலக வாசலில் இருந்து மன்றாடியது. நீங்கள் கடற்கரைப் பிள்ளை. இயந்திரம் நின்றுபோன படகில் தடியில் துணி கட்டி ஆட்டினால், கண்டவன் யாரானாலும் வலையை அறுத்துவிட்டு வருவான். கரையிலும் அப்படித்தான் என்று நினைத்தீர்கள். சேலையைக் கிழித்து வேலித்தடியில் கட்டி ஆட்டினீர்கள். கடைசி வாகனத்தில் இருந்த பெண் கண்டார்.

"அவவுக்கு விளங்கினது. அழுதவ. அழுதுகொண்டே போனவ" என்பீர்கள்.

நான் அவரைத் திட்டியபோது தடுத்தீர்கள். "பாவம், அவவுக்கு உத்தரவு. உத்தரவு போட்டவை எங்கட துணியைக் காணேல்ல." சொல்லும்போது தோளைத் தடவுவீர்கள். அந்த வாகனங்கள் போன பிறகு விழுந்த ஷெல்லிலிருந்து உள்ளே புகுந்த இரும்புத்துண்டு, போன வருடம் உங்களோடுதான் மண்ணுக்குள் போனது.

சற்றுமுன் திரைச்சீலைக்கு அப்பாலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"நித்திரை கொள்ளேல்லையோ?"

"தொப்பி ஒட்டுறன், அப்பா."

அடுத்த தொப்பியையும் ஒட்டி முடித்தேன். நித்திரையாகிவிட்டார் என்று நினைத்தேன்.

"கேக்கிறதெண்டா சிங்களத்திலயே கேள்" என்றார். "தமிழில கேட்டா, இடையில நிக்கிறவர் நீலம் எண்டு மாத்திப்போடுவார்."

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

உங்கள் கேள்வியை இப்போது சிங்களத்தில் மெல்லச் சொல்லிப் பார்க்கிறேன், அம்மா. ஒவ்வொரு முறையும் குரல் நடுங்குகிறது. நடுங்கினாலும் அந்த அதிகாரிக்கு விளங்கும்.